குழந்தைகளுக்கான கற்றல் செயலிகளின் தரமதிப்பீடு: மொழியியல் நோக்கில் ஒரு திறனாய்வு

0. முன்னுரை

கைப்பேசியின் வழியாகக் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் செயலிகள் இன்று இந்திய மொழிகள் பலவற்றில் கிடைக்கின்றன. அவற்றுள் நல்லன எவை, அல்லன எவை என்று பகுத்தறிவதற்கான அளவுகோல்களும் கடந்த பத்தாண்டுகளில் உருவாகியுள்ளன. பெற்றோரும் ஆசிரியரும் கல்வித்துறையினரும் அவற்றின் துணையை நாடும் நிலை ஏற்பட்டுள்ளது. ஆயினும் இவ்வளவுகோல்கள் மொழியை எவ்வாறு கருதுகின்றன என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

கணக்கையோ விலங்குகளின் பெயர்களையோ கற்பிக்கும் செயலியில் மொழி ஒரு கருவியாக நிற்கிறது. எழுத்தறிவைக் கற்பிக்கும் செயலியிலோ மொழியே பாடப்பொருளாகிறது. முன்னதில் நேரும் மொழிவழு கற்றலைத் தாமதப்படுத்தும்; பின்னதில் நேரும் மொழிவழு கற்கப்படும் பொருளையே பிழையாக்கிவிடும். இவ்வேறுபாட்டை இன்றுள்ள அளவுகோல்கள் கணக்கில் கொள்வதில்லை. எனவே மொழியியல் நோக்கில் தவறான ஒரு செயலி அவற்றின்படி உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிடுதல் கூடும். இதனை நிறுவுவதும், இந்திய மொழிகளின் இயல்புக்கேற்ற மதிப்பீட்டுக் கூறுகள் சிலவற்றை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். தொடக்கநிலை எழுத்தறிவுச் செயலிகளே ஈண்டு கருத்திற்கொள்ளப்படுகின்றன. சான்றுகள் பெரும்பாலும் தமிழிலிருந்தும், ஒப்புநோக்குக்காக இந்தி, கன்னடம், வங்காளம் ஆகியவற்றிலிருந்தும் தரப்படுகின்றன.

1. வழக்கிலுள்ள அளவுகோல்கள்

1.1 வினாநிரல் வகை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்டோயானோவும் பிறரும் 2015இல் கைப்பேசிச் செயலிகளுக்கான தர அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். உடல்நலச் செயலிகளுக்கென வகுக்கப்பட்டதாயினும், வினாநிரல் வகை மதிப்பீட்டிற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக அது விளங்குகிறது. அதில் 23 வினாக்கள் உள்ளன. அவற்றுள் 19 வினாக்கள் ஈடுபாடு, செயற்பாடு, அழகியல், தகவல் என்னும் நான்கு பகுதிகளாக முறையே 5, 4, 3, 7 என்ற எண்ணிக்கையில் அமைகின்றன. எஞ்சிய 4 வினாக்கள் மதிப்பிடுவோரின் தனிக்கருத்தைப் பெறுவன. ஒவ்வொரு வினாவுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. நான்கு பகுதிகளின் சராசரிகளைக் கூட்டி நான்கால் வகுக்கக் கிடைப்பதே செயலியின் தரமாகும்.

இவ்வமைப்பில் மொழி எங்கே இடம்பெறுகிறது என்பது நோக்கத்தக்கது. உள்ளடக்கம் பயனாளருக்குப் பொருந்துகிறதா என்னும் வினாவில் படம், மொழி, வடிவமைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வைக்கப்படுகின்றன. தகவல் சரியாகவும் நன்கு எழுதப்பட்டும் உள்ளதா என்னும் வினாவிலும் மொழி மறைமுகமாக அடங்குகிறது. இவ்விரு வினாக்களில் ஒரு செயலி மிகக் குறைந்த மதிப்பெண்ணான 1 மட்டும் பெற்று, ஏனைய 17 வினாக்களில் முழு மதிப்பெண்ணும் பெறுவதாகக் கொள்வோம். ஈடுபாட்டுப் பகுதியின் சராசரி 4.2 ஆகும், தகவற் பகுதியின் சராசரி 4.43 ஆகும், மற்றிரு பகுதிகள் 5 பெறும். இறுதித் தரம் 4.66. மொழி முற்றிலும் பிழைபட்ட எழுத்தறிவுச் செயலி ஒன்று இக்கணக்கின்படி மிகச் சிறந்த செயலிகளின் வரிசையில் இடம்பெற்றுவிடும். உடல்நலச் செயலிக்கு இக்கணக்கு பெருங்கேடு செய்யாதிருக்கலாம். எழுத்தறிவுச் செயலிக்கு இதனை அப்படியே பெயர்த்துக்கொள்வது பொருந்தாது.

1.2 கற்றற்கொள்கை வகை

அதே 2015இல் ஹெர்ஷ்-பாசெக் முதலானோர் குழந்தைகளின் கற்றல் பற்றிய ஆய்வு முடிவுகளினின்று நான்கு தூண்களை வகுத்தனர். குழந்தையின் சிந்தை செயற்படுதல், கவனம் சிதறாது ஈடுபடுதல், கற்பது வாழ்வோடு பொருந்திப் பொருளுடையதாதல், பிறரோடு ஊடாடுதல் என்பன அவை. இவை ஒரு கற்றல் இலக்கை நோக்கி அமைதல் வேண்டும் என்பதும் அவர்தம் கருத்தாகும். மேயரும் பிறரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, பெருவழக்கான 124 குழந்தைச் செயலிகளை இத்தூண்களைக் கொண்டு மதிப்பிட்டு, பாதிக்கும் மேற்பட்டவை தாழ்ந்த தரத்தன என்று கண்டது. கடையில் ‘கல்வி’ என்று பெயரிட்டு விற்கப்படுவதாலேயே ஒன்று கல்விச் செயலியாகிவிடாது என்பதை நிறுவிய வகையில் இவ்வாய்வு பெரிதும் போற்றத்தக்கது.

எனினும் இத்தூண்கள் குழந்தை எவ்வாறு கற்கிறது என்பதை அளக்கின்றன. எதைக் கற்கிறது என்பதை அளப்பதில்லை. பிழையான எழுத்துப் பிரிப்பைக்கூட ஒரு குழந்தை கவனத்தோடும் சிந்தனையோடும் தாயோடு உரையாடியும் கற்க இயலும்.

1.3 விளைவு அளத்தல் வகை

செயலியை ஆராய்வதை விடுத்துக் குழந்தையின் முன்னேற்றத்தையே அளப்பது மூன்றாவது முறை. 2014இல் அறிவிக்கப்பட்டு 2019இல் நிறைவுற்ற குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைசு என்னும் போட்டி இதற்குச் சிறந்த சான்று. தான்சானியச் சிற்றூர்களில் ஏறத்தாழ 3000 குழந்தைகளிடம் கையடக்கக் கணினிகள் அளிக்கப்பட்டு, சுவாகிலி மொழியில் எழுத்தறிவும் எண்ணறிவும் 15 மாத காலம் சோதிக்கப்பட்டன. ஒன்பில்லியன், கிட்கிட் ஸ்கூல் என்னும் இரு குழுக்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன.

மூவகையுள்ளும் நம்பகமானது இதுவே எனலாம். ஆயினும் இதன் முடிவு மொழி கடந்து செல்லுமா என்பது ஆராயத்தக்கது. சுவாகிலி ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. எழுத்துக்கும் ஒலிக்கும் பெரிதும் நேரான பொருத்தம் உடையது. அம்மொழியில் வென்ற ஒரு வடிவமைப்பு, 247 எழுத்துகளையும் இரட்டை வழக்கையும் கொண்ட தமிழிலோ, கூட்டெழுத்துகள் மிகுந்த கன்னடத்திலோ அதே பயனைத் தரும் என்று முன்னரே கூறுதற்கில்லை. ஒவ்வொரு மொழியிலும் அது மீண்டும் சோதிக்கப்பட வேண்டும்.

2. எழுத்தலகு

2.1 அகரவரிசையும் அட்சரமும்

ஆங்கிலக் குழந்தை கற்க வேண்டிய எழுத்துகள் 26. பெரிய வடிவம், சிறிய வடிவம் இரண்டையும் கூட்டினும் 52. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இந்தி, கன்னடம் முதலிய மொழிகளில் கூட்டெழுத்துகளும் சேர இத்தொகை மேலும் பெருகும். கன்னடக் குழந்தைகளின் தொடக்கநிலை வாசிப்பைப் பற்றிச் சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவு நிறைவுறும் காலம் முதலிரு வகுப்புகளைக் கடந்தும் நீள்வதைக் காட்டியது. 26 எழுத்துக்கென வகுத்த பாடத்திட்டத்தின் கால அளவும் படிநிலைகளும் இங்குப் பொருந்தா என்பது இதனால் பெறப்படும்.

பொருந்தாமை எண்ணிக்கையளவில் நின்றுவிடுவதன்று. உயிர்மெய் வரிசைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆகார வரிசையில் துணைக்கால் எல்லா மெய்களோடும் ஒரே வகையாகச் சேர்கிறது. உகர, ஊகார வரிசைகளிலோ கு, சு, து, மு என வடிவங்கள் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை அறிந்த செயலி ஒழுங்குள்ள வரிசைகளை விதியாகக் கற்பித்து, ஒழுங்கற்றவற்றுக்குத் தனிப்பயிற்சி தரும். அறியாத செயலி 247 எழுத்துகளையும் 247 தனிப்படங்களாகவே காட்டிச் செல்லும். அழகியல் பற்றிய வினாவில் இரண்டும் ஒரே மதிப்பெண் பெறக்கூடும்.

2.2 எழுத்துக்கு ஒரு படம்

ஓர் எழுத்து, அவ்வெழுத்தில் தொடங்கும் சொல், அச்சொல்லுக்குரிய படம் என்னும் அமைப்பு ஆங்கில அகரவரிசை நூல்களில் நிலைபெற்றது. அதனைத் தமிழுக்குப் பெயர்க்கும்போது உயிரெழுத்துகளில் இடரில்லை. மெய்வரிசையிலோ இடர் தோன்றுகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொற்களுக்கு முதலாவதில்லை. மொழிமுதல் எழுத்துகளைத் தொல்காப்பியமே வரையறுத்துள்ளது. ஆயினும் வார்ப்பு கோருவதனால் டமாரம், ரயில், லட்டு எனக் கடன்சொற்கள் தேடப்படுகின்றன. இவை வழக்கிலுள்ள சொற்களே. ஆகவே அவற்றைக் குறைகூறுதற்கில்லை. ஆனால் ண, ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குக் கடன்சொல்லும் துணைவராது. அங்கே செயலி அவ்வெழுத்துகளைத் தவிர்க்கிறது, அல்லது செயற்கையான சொல்லை நாடுகிறது. கண், பழம், தேள், காற்று, மான் என எழுத்தைச் சொல்லின் இடையிலும் இறுதியிலும் காட்டும் முறை தமிழ்ப் பாடநூல்களுக்குப் பழகியதே. அதற்கு இடந்தராத வார்ப்பு எத்துணை வண்ணமயமாயினும் தமிழுக்கு உரியதன்று.

2.3 கணினிக் குறியும் குழந்தையின் எழுத்தும்

‘தமிழ்’ என்னும் சொல்லில் குழந்தை காணும் எழுத்துகள் மூன்று: த, மி, ழ். ஒருங்குறி முறையில் கணினி காணும் குறிகளோ ஐந்து. இகரக்குறியும் புள்ளியும் அங்கே தனிக்குறிகளாக நிற்கின்றன. ‘கொக்கு’ என்பதில் எழுத்து மூன்று, குறி ஆறு. சொல்லைப் பிரித்து மீண்டும் கோக்கும் விளையாட்டுகளில் நிரலாளர் குறிகளை எழுத்துகளெனக் கொண்டுவிடின், இகரக்குறி தனியே ஒரு புள்ளிவட்டத்தின்மேல் தொங்கும். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் ககரத்தை விட்டு நீங்கும். குழந்தை ‘தமிழ்’ என்பதை ஐந்து துண்டுகளாக அடுக்கக் கற்கும். தன் மொழியில் எழுத்தென்பது யாது என்னும் அடிப்படை அறிவே இங்குச் சிதைகிறது.

இது நிரலாக்கத்தில் எளிதிற் களையத்தக்க வழு. மதிப்பீட்டு வினாநிரலில் இதற்கென ஒரு வினா இருந்தால் வெளியீட்டுக்கு முன்னரே கண்டறியப்படும். செயற்பாட்டுப் பகுதியின் வினாக்களோ செயலி விரைந்து இயங்குகிறதா, தடையின்றித் திறக்கிறதா என்பனவற்றையே கேட்கின்றன. குழந்தையின் எழுத்தைச் சிதைக்கும் செயலியும் விரைந்து இயங்கக்கூடும்.

3. எழுத்தும் ஒலியும்

ஓர் ஒலியைக் கேட்டு அதற்குரிய எழுத்தைத் தொடுவது எழுத்தறிவுச் செயலிகளில் பெருவழக்கான பயிற்சி. சிரியக் குழந்தைகளுக்கென நார்வே அரசின் துணையோடு நடந்த போட்டியில் 2017இல் பரிசு பெற்ற ‘ஃபீட் தி மான்ஸ்டர்’ என்னும் அரபுச் செயலி இவ்வகையது. கேட்ட ஒலிக்குரிய எழுத்தைக் குழந்தை ஒரு பூதத்துக்கு ஊட்டும். அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டமையால் பின்னர்ப் பல மொழிகளுக்கு அது பெயர்க்கப்பட்டது. இத்தகைய பெயர்ப்பு பெரும்பயன் விளைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு மொழிக்கு மொழி வேறுபடுவது.

தமிழ் வல்லெழுத்தின் ஒலிப்பு அது சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ‘காகம்’ என்னும் சொல்லில் முதற் ககரம் ஒலிப்பிலா ஒலி, இரண்டாவது அவ்வாறன்று. ‘பங்கு’ என்பதில் மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடை ஒலியாகிறது. ‘பாக்கு’ என்பதில் இரட்டித்து மீண்டும் ஒலிப்பிலா ஒலியாகிறது. இவை ஓர் ஒலியனின் மாற்றொலிகள். இந்தியில் இவை வேறு வேறு ஒலியன்கள்; வேறு வேறு எழுத்துகள். எனவே இந்திக்கென அமைத்த பயிற்சியைத் தமிழில் இட்டு, தனி ஒலிகளை ஒலித்து எழுத்தைக் கேட்டால், ஒரே எழுத்து இரண்டு மூன்று வினாக்களுக்கு விடையாகிக் குழந்தை குழம்பும். நகர னகரங்களின் நிலை இதற்கு மறுதலை. பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துகள் விடையாகும். தமிழில் இப்பயிற்சி தனி ஒலியைக் கொண்டன்றிச் சொல்லைக் கொண்டே அமைதல் வேண்டும்.

ஏனைய மொழிகளுக்கும் தத்தமக்குரிய இடர்கள் உண்டு. இந்தியில் க, ம, ல என்னும் மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது ‘கமல்’ என இறுதி அகரம் கெட்டு ஒலிக்கும். எழுத்துகளைத் தனித்தனியே ஒலித்துக் கூட்டிக்காட்டும் செயலி, அவ்வகரம் எங்கே மறைந்தது என்பதையும் கற்பிக்க வேண்டும். வங்காளத்தில் எழுத்தினுள் உறையும் உயிரே சொல்லுக்கேற்ப இருவகையாக ஒலிக்கிறது. ஆகவே ‘ஒலிப்பதிவு தெளிவாக உள்ளதா’ என்னும் ஒரே வினா எல்லா மொழிக்கும் போதாது. ஒலிப்பது எந்த அலகு என்பதும் வினவப்படல் வேண்டும்.

4. வாசிப்பு வேகமும் வழக்கு வேறுபாடும்

4.1 நடுவணரசு 2021 சூலையில் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம், மூன்றாம் வகுப்பு முடிவில் குழந்தை பொருளுணர்ந்து நிமிடத்துக்கு 60 சொற்களேனும் வாசித்தல் வேண்டும் என்று இலக்கு வகுத்தது. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்னும் அளவு செயலிகளுக்கும் மிக ஏற்றது. கருவி தானே எண்ணிக்கொள்ளும். ஆயின் எண்ணப்படும் ‘சொல்’ எல்லா மொழியிலும் ஒரே நீளமுடையதன்று. இந்தியில் வேற்றுமை உருபுகள் தனிச்சொற்களாக எழுதப்படுகின்றன. தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால் ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்பது ஒரே சொல்; எழுத்தோ பன்னிரண்டு. அதனை ஒரு மூச்சில் வாசித்த தமிழ்க் குழந்தைக்கு ஒரு சொல்லே கணக்கிடப்படும்.

கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக்கான தேசியக் குழு 2022இல் 20 மொழிகளில் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு, மொழிதோறும் தனித்தனி வாசிப்பு அளவுகளை வரையறுத்தது. இது மொழியியல் உண்மையை ஏற்றுக்கொண்ட நல்ல முன்மாதிரியாகும். பல மொழிகளில் வெளிவரும் ஒரு செயலி எல்லா மொழிக்கும் ஒரே வேக எல்லையை வைத்திருந்தால், ஒட்டுநிலை மொழிக் குழந்தையை அது இயல்பாகவே மெதுவாக வாசிப்பவராகக் காட்டும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் போன்ற கதைக் களங்களில் கதைகள் வாசிப்புப் படிநிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. அத்தகைய இடங்களிலும், மூலக்கதையின் படிநிலை மொழிபெயர்ப்புக்கும் உரியதாகுமா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் சீர்தூக்க வேண்டியுள்ளது.

4.2 குழந்தை உரக்க வாசிக்கக் கேட்டுத் திருத்தும் செயலிகள் இப்போது பெருகிவருகின்றன. கூகுள் நிறுவனம் 2019இல் இந்தியாவில் ‘போலோ’ என்னும் பெயரில் வெளியிட்ட செயலி, 2020இல் ‘ரீட் அலாங்’ என்னும் பெயருடன் தமிழ் உள்ளிட்ட ஒன்பது மொழிகளுக்கு விரிந்தது. வீட்டில் வாசித்துக் காட்ட எவருமில்லாத குழந்தைக்கு இத்தகைய கருவி அரியதொரு துணை என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் இவ்வகைக் கருவிகளின் தரத்தை அளக்கும்போது தமிழின் இரட்டை வழக்கு முன்வந்து நிற்கிறது.

‘வீட்டில் இருக்கிறார்கள்’ என்று எழுதியிருப்பதைக் குழந்தை ‘வீட்ல இருக்காங்க’ என்று வாசிப்பதாகக் கொள்வோம். அக்குழந்தை எழுத்தை அறிந்து, பொருளை உணர்ந்து, தன் பேச்சுமொழியில் அதனைச் சொல்லியுள்ளது. பயிற்சியுடைய ஆசிரியர் இதனைப் பொருளுணர்வின் அறிகுறியாகக் கொள்வார். பின்னர் எழுத்து வடிவைச் சுட்டிக்காட்டுவார். கருவி இதனைத் தவறென்று மட்டும் அறிவித்தால், பொருளுணராமல் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்த குழந்தையே சிறந்த வாசகராகக் கணக்கிடப்படும். மறுதலையாக, எதை வாசித்தாலும் சரியென ஏற்கும் கருவியும் பயனற்றது. எழுத்தைப் படித்தல், பொருளை உணர்தல் ஆகிய இரண்டையும் கருவி பிரித்தறிகிறதா என்பதே உரிய வினா. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வட்டாரக் குழந்தையையும் கருவி எவ்வாறு நடத்துகிறது என்பதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

5. மொழிபெயர்ப்பு

5.1 வார்ப்புத் தொடர்கள்

செயலிகளில் மொழிபெயர்ப்பாளரிடம் முழுத்தொடர்கள் தரப்படுவது குறைவு. ஒரு சொல்லுக்குரிய வெற்றிடத்தைக் கொண்ட வார்ப்பே தரப்படும். ஆங்கிலத்தில் ‘தொடு’ என்பதன்பின் எந்தப் பெயரையும் மாற்றமின்றி இடலாம். தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்கும் பெயர் திரியும்: மரம் மரத்தை ஆகும்; ஆடு ஆட்டை ஆகும்; பூ பூவை ஆகும்; பந்து பந்தை ஆகும். வெற்றிடத்தின் பின் ‘ஐ’ என்று ஒட்டிவிட்டால் ‘மரம்ஐத் தொடு’ என்னும் தமிழல்லாத தொடர் திரையில் தோன்றும். எழுத்துக் கூட்டத் தொடங்கிய குழந்தை அதையும் கூட்டி வாசிக்கும். ‘மரம் எங்கே?’ என வினாவாக மாற்றினால் பெயர் திரிபின்றி நிற்கும். தொடரும் வீட்டில் கேட்கும் தொடராகும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இத்தகைய மாற்றத்தை உடனே காண்பார். ஆனால் தாம் பெயர்க்கும் துண்டு திரையில் எங்கே, எதனோடு சேர்ந்து தோன்றும் என்பதை அவர் காணும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும்.

இந்தியில் இடர் வேறு வகையது. மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் அடை, மலருக்கு ‘பீலா’ என்றும் பந்துக்கு ‘பீலீ’ என்றும் பாலுக்கேற்ப மாறும். வென்ற குழந்தையைப் பாராட்டும் வினையும் சிறுவனுக்கு ஒன்றாகவும் சிறுமிக்கு வேறாகவும் அமையும். ஒரே வார்ப்பை வைத்துக்கொண்ட செயலி எல்லாச் சிறுமியரையும் சிறுவராக விளிக்கும்.

5.2 ஒலி விளையாட்டுகள்

ஆங்கிலச் செயலிகளில் சொல்லின் இறுதி ஒத்தொலிக்கும் சொற்களைச் சேர்க்கும் விளையாட்டு ஒலியுணர்வை வளர்க்கும் முதற்பயிற்சியாகும். அச்சொற்களைப் பொருள் நோக்கிப் பெயர்த்தால் ஒலியொப்புமை மறைந்து விளையாட்டே பொருளற்றதாகிறது. சொல்லைப் பெயர்க்காது விளையாட்டின் நோக்கத்தைப் பெயர்க்க வேண்டிய இடம் இது. தமிழில் அதற்கு எதுகையும் மோனையும் கைக்கு அருகில் உள்ளன. பட்டம், வட்டம், கட்டம், மட்டம் என முதலெழுத்து மட்டும் மாறி வரும் சொற்களைக் கொண்டு, எழுத்தறிவையும் ஒலியுணர்வையும் ஒருங்கே வளர்க்கலாம். மூலத்தின் சொற்களுக்கு உண்மையாயிருந்த பெயர்ப்பு இங்கே தோற்கிறது. மூலத்தின் பயனுக்கு உண்மையாயிருந்த பெயர்ப்பே வெல்கிறது.

6. மதிப்பீட்டுக்குரிய கூறுகள்

மேற்கண்ட ஆய்வினின்று, எழுத்தறிவுச் செயலியின் மொழித் தரத்தை அளப்பதற்கு ஆறு வினாக்களைத் தொகுத்துக் கூறலாம்.

(அ) செயலி பிரித்துக் காட்டும் அலகு அம்மொழியின் எழுத்தா, கணினியின் குறியா?
(ஆ) எழுத்துகளைக் கற்பிக்கும் வரிசை அவற்றின் வடிவ ஒழுங்கையும் சொல்லில் அவை வருமிடத்தையும் தழுவியதா?
(இ) ஒலியும் எழுத்தும் இணைக்கப்படும் பயிற்சி அம்மொழியின் ஒலியன் அமைப்புக்கு ஏற்றதா?
(ஈ) வாசிப்பு வேகமும் படிநிலையும் அம்மொழிக்கென வரையறுக்கப்பட்டவையா?
(உ) பேச்சு வழக்கையும் வட்டார ஒலிப்பையும் பிழையினின்று பிரித்தறிகிறதா?
(ஊ) திரையில் தோன்றும் தொடர் ஒவ்வொன்றும், வெற்றிடம் நிரம்பிய பின்னும், இலக்கண வழுவற்ற இயல்பான தொடராக நிற்கிறதா?

இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஆறாவதும் அரை நாளில் சோதித்தறியத்தக்கவை. மொழியறிந்த ஒருவர் செயலியின் எல்லாப் பயிற்சிகளையும் ஒருமுறை ஆடிப் பார்த்தலே போதும். இரண்டாவதும் நான்காவதும் பாடநூல் வல்லுநர் துணையை வேண்டுவன. ஐந்தாவது, பல வட்டாரக் குழந்தைகளை வாசிக்கச் செய்து அறியத்தக்கது.

மதிப்பெண் வழங்கும் முறையும் மாற வேண்டும். மொழிக்கூறுகளை ஏனையவற்றோடு கூட்டிச் சராசரி காண்பது பொருந்தாது என்பது 1.1இல் காட்டப்பட்டது. அழகும் விரைவும் மொழிப்பிழைக்கு ஈடாகமாட்டா. ஆதலின் இவ்வாறு வினாக்களும் ஒரு நுழைவாயிலாக அமைதல் வேண்டும். இவற்றில் தேறிய செயலிகளுக்கே ஈடுபாடு, அழகியல் முதலிய பிற கூறுகள் அளக்கப்பட வேண்டும்.

இத்துணை நுணுக்கம் ஒரு விளையாட்டுச் செயலிக்கு வேண்டுமா என்று வினவப்படலாம். குழந்தைகள் குறையுள்ள நூல்களிலிருந்தும் கற்றுத்தான் வந்துள்ளனர்; பிழைகளை ஆசிரியர் பின்னர்த் திருத்திக்கொள்வார் என்பதும் ஒரு வாதமே. நூலின் பிழை குறித்து இவ்வாதம் ஓரளவு பொருந்தும். நூல் குழந்தையை மதிப்பிடுவதில்லை. செயலியோ ஒவ்வொரு விடைக்கும் சரி, தவறு என்று தீர்ப்புக் கூறுகிறது. மேலும், இச்செயலிகள் பெரிதும் பரிந்துரைக்கப்படுவது வீட்டில் கற்பிப்பார் இல்லாத குழந்தைகளுக்கே. திருத்துவோர் அருகில் இல்லாத இடத்துக்கே பிழை போய்ச் சேருகிறது.

7. முடிவுரை

செயலிகளின் தரத்தை அளக்கும் முயற்சி தேவையானது. இதுவரை வகுக்கப்பட்ட அளவுகோல்கள் பயனற்றவையும் அல்ல. அவை குழந்தையின் கவனத்தையும் கருவியின் இயக்கத்தையும் நன்கு அளக்கின்றன. எழுத்தறிவைப் பொறுத்தவரை மொழியை அவை அளக்காமல் விட்டுள்ளன. அக்குறையை நிறைக்கும் பணி உளவியலாரையோ நிரலாளரையோ மட்டும் சார்ந்ததன்று. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆற்ற வேண்டியது. இந்திய மொழி ஒவ்வொன்றுக்கும் அதனதன் எழுத்தியல்பையும் ஒலியியல்பையும் தழுவிய வினாநிரல் ஒன்று உருவாதல் வேண்டும். அது செயலி வெளிவந்த பின்னர் அன்றி, உருவாகும்போதே பயன்படுதல் வேண்டும்.

‘வீட்ல இருக்காங்க’ என்று வாசித்த குழந்தைக்குத் தான் வாசித்ததில் பாதி சரி என்பது தெரியாது. தவறு என்னும் ஒலியை மட்டுமே அது கேட்கும். இவ்வாறு பலமுறை கேட்டபின் பிழை கருவியினுடையது என்று அக்குழந்தை எண்ணாது. தனக்குப் படிக்க வரவில்லை என்றே எண்ணும். அந்த எண்ணம் தோன்றாமல் காப்பதே மொழித் தரமதிப்பீட்டின் முதற்பயன் எனலாம்.